தட்டு வாங்கப் போகாத தாய்மாமன்

அக்கா மாப்பிள்ளையூரணியில் இருக்கிறாள். அத்தான் இறந்து பல வருஷம் ஆகிறது. அவள் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்து, நிச்சயத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அவர்கள் கொண்டுவரும் தட்டைத் தாய்மாமன்தான் சபை நடுவில் நின்று வாங்க வேண்டும். கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

முந்தின நாள் விட்ட வலையை எடுக்காமல் இருக்க முடியாது. மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று அன்று விடியக்காலை கடலுக்குப் போனேன்.

வலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது தூரத்தில் ஒரு வள்ளம். துடுப்பில் சட்டையைக் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எஞ்சின் நின்றுபோனால் அப்படிச் செய்வார்கள். பார்த்தவன் போய்க் கயிறு கொடுக்க வேண்டும். எந்த ஊர் ஆள் என்று கேட்பது வழக்கமில்லை.

"அண்ணே, பின்னால ரெண்டு போட்டு வருது, அவங்க இழுத்துட்டுப் போவாங்க. உங்களுக்கு இன்னைக்கு அக்கா வீட்டுல வேலை கெடக்குல்லா" என்றான் கூட வந்த என் கூட்டாளி.

"நம்மளப் பாத்துட்டாங்கடே."

"பாத்தா? உங்களுக்குப் பொண்ணா குடுக்கப் போறாங்க?"

நான் வள்ளத்தைத் திருப்பினேன். அதில் இருந்த மூன்று பேரும் புன்னைக்காயல்காரர்கள். முன்பின் பார்த்ததில்லை. எதிர்க்காற்றில் இழுத்துப்போய் அவர்கள் ஊர்க் கரையில் விட்டபோது மணி இரண்டு.

கூட்டாளி சொன்னான்: "வள்ளத்த நான் கொண்டு வாரேன். நீங்க பஸ்ஸப் புடிச்சுப் போங்க, நாலு மணிக்குள்ள போயிரலாம்."

மீன் நாற்றத்தோடு எப்படிப் போவது என்றேன். அவர்கள் கொடுத்த சோற்றை மெதுவாகச் சாப்பிட்டேன். செல்லில் அக்காவின் அழைப்பு ஏழெட்டு வந்திருந்தது.

நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்து வீட்டு அண்ணாச்சி தட்டு வாங்குனாரு" என்றாள் அக்கா. "தாய்மாமனுக்கு இதுல இஷ்டமில்லையோன்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்கா. நான் என்னலே சொல்ல?"

"மூணு உசுரு, அக்கா."

"மூணு பேரயும் ரெண்டு மணிக்கே எறக்கி விட்டாச்சாம்லா. உன் கூட்டாளிகிட்ட போன்ல கேட்டுட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

ஊரில் என்னைப் பெருமையாகத்தான் பேசினார்கள். யார் எவர் என்று பாராமல் உதவினான் என்றார்கள். கயிறு கொடுக்கிற நேரத்தில் புன்னைக்காயல்காரனும் என் அக்காவும் ஒன்றுதான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மணிக்குப் பிறகு அந்த மூன்று பேருக்கும் நான் வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு வேண்டியிருந்தேன். கூட்டத்தின் நடுவில் நிற்கக் கூச்சப்பட்டு, முன்பின் தெரியாதவர்களின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணப் பத்திரிகையை அண்ணாச்சிதான் கொண்டுவந்து கொடுத்தார். மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையூரணி பஸ்ஸில் ஏறினேன். அக்கா தெருவில் இறங்கி நடந்தேன். அவள் வீட்டு வாசலில் ஐந்தாறு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.