சாங்கி மணலில் கிடைத்த மோதிரம்

அறுபதுகளில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். ராணுவம் கழித்துப்போட்ட, கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, ஞாயிறுதோறும் சாங்கி கடற்கரையில் சுற்றுவேன். ஒருநாள் அது கத்திய இடத்தில் தங்க மோதிரம் கிடைத்தது. மகளுக்குத் தோடு செய்ய, சிராங்கூன் ரோட்டுப் பத்தரிடம் கொடுக்கலாமென்று பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் ஒரு தமிழ்ப்பெண் மாவுச் சல்லடையால் மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?"

"வீட்டுக்காரர் மோதிரம்ண்ணே. குளிக்கப் போறப்ப என்கிட்ட குடுத்தார். முந்தானையில முடிஞ்சு வச்சேன், அவுந்து விழுந்துருச்சு."

அவள் விரல்நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தது. எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சற்றுத் தள்ளிப் போய், தோண்டுவதுபோல் நடித்து, பர்ஸிலிருந்த மோதிரத்தை எடுத்து நீட்டினேன்.

"இதுவாம்மா?"

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "போன வாரம் நீங்க இங்க ஏதோ எடுத்ததை ஐஸ் வண்டிக்காரர் பார்த்தாராம். அது மோதிரந்தானான்னு தெரியாமத்தான் சலிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட கேக்கல?"

"கேட்டா திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடும்லா. நீங்களே குடுப்பீங்கன்னு தோணுச்சுண்ணே."

அதன்பிறகு கடற்கரையில் எது கிடைத்தாலும் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். என் பொய் தெரிந்தும் அவள் என்னை அண்ணே என்றே கூப்பிட்டதை நினைத்தால், இன்றும் கண் கலங்குகிறது.