பிள்ளை விசாரிக்கப் போனவள்

பிறர் வீட்டுப் பிள்ளைகளை விசாரிக்கப் போகிற வேலையில், முதலில் விசாரணைக்கு ஆளாவது நாம்தான். எந்த ஊர், யார் மகள், புருஷனுக்கு என்ன உத்தியோகம், உனக்கே இன்னும் பிள்ளையில்லை, நீ எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டாயா? இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகுதான் குடிக்கத் தண்ணீரே வரும். சங்கம், கமிட்டி என்று வெயிலில் அலைந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் அலைந்தது ராசிபுரத்தில், யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு. சந்தைப்பேட்டையில் யாரோ ஒரு குழந்தையைக் கல்தூணில் கட்டிப்போட்டுவிட்டுப் பொழுதுக்கும் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காத கடைக்காரர்கள் சிலரும், ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அடிபடுகிற, பட்டினி கிடக்கிற பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்; வீட்டாரிடம் பேச வேண்டும்; பேச்சு எடுபடாவிட்டால் பிள்ளையை அழைத்துவந்து சங்கத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

குடையும் கைப்பையும்

முதல் நாள் ஒரு கறுப்புக் குடையும் கைப்பையுமாக நெசவுக்காரர் தெருவுக்குள் நுழைந்தேன். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் தெருவில் ஒரு கோழி மட்டும் நின்றது. ஒருவன் புளியமரத்தின் உச்சியில் இருந்தான். இன்னொருவன் நெல் கொட்டிவைக்கிற குதிருக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டான். அம்மை குத்துகிறவர்கள் அந்தக் காலத்தில் இதே மாதிரி குடையும் பையுமாகத்தான் வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ஊசிக்காரி இல்லை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வளர்ந்தது. ஒரு தாய் மட்டும் நல்ல மனசோடு தன் மகளைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினாள். "குத்தறதுன்னா எடது கையில குத்துங்கம்மா. சோத்துக் கையிலதான் ராட்டை சுத்தோணும்."

பூனை

அதே தெருவில் செல்லமுத்து என்பவர் வீட்டில் ஒரு சின்னப்பெண் அடிபடுகிறாள் என்று பக்கத்து வீட்டுச் சின்னக்காள் என் காதில் போட்டிருந்தாள். அவருடைய செத்துப்போன அக்காளின் மகளாம். தாய்மாமன் வீட்டில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டு இருக்கிறாளாம். நான் போனபோது செல்லமுத்து தறியை விட்டு எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஊட்டுல சின்னப்புள்ளைங்களே இல்லீங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள், நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழிக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. "பூனைங்க. எலிக்கு வந்து படுத்துக்கும்" என்றார் முகம் மாறாமல். அவர் மனைவி நல்லம்மாள் அடுப்படியில் நின்று தரையையே பார்த்தாள்.

குழிக்குள்ளிருந்து எண்ணெய் காணாத ஒரு தலை மெதுவாக எழும்பியது. ஒன்பது வயசு இருக்கும். முழங்கைக்கு மேலே பழைய தழும்பு ஒன்று, அதன்மேல் புதுசாக இன்னொன்று. பயமில்லாத குரலில், திருத்த வேண்டியதைத் திருத்துகிற மாதிரி சொன்னாள்: "நா பூனையில்லீங்க. பாவாயி."

எவ்வளவு அடித்தால் அடி?

பாவாயியைப் பற்றிக் கமிட்டியில் சொன்னேன். பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. வேப்பங்குச்சியால் அடித்தால் அது அடியா கண்டிப்பா என்று ஒருவர் கேட்டார். தன் அப்பா புளிய விளாறு வைத்திருந்தார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் அப்பா தன்னைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டதைச் சொன்னதும் மற்ற இருவருக்கும் முகம் சுருங்கிப்போயிற்று. யார் அப்பா பெரியவர் என்பதில் போட்டி வந்துவிட்டது. பாவாயியை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

சங்கத் தலைவர் நெல் மண்டி வைத்திருந்தவர். "நானும் அடிவாங்கித்தான் வளந்தேன். இப்ப எனக்கென்ன கொறைஞ்சு போச்சு?" என்று பேச்சை முடிக்கப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் அப்போதுதான் ஆணியில் மாட்டியிருந்த விசிறியை எடுக்கக் கையைத் தூக்கியிருந்தார். விசிறியை எடுத்து, இரண்டு தரம் வீசிக்கொண்டு, சாவதானமாகக் கேட்டார். "கொறையொண்ணுமில்லீங்க. நா விசிறி எடுக்கக் கையத் தூக்குனதுக்கு நீங்க ஏன் தலையக் குனிஞ்சீங்க?"

முறம் கேட்டு வந்தவர்கள்

தலைவர் பாவாயி விஷயத்தைக் கவனிக்கச் சொல்லிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மாமன் மருமகள் விவகாரத்தில் நாங்கள் எப்படி அம்மா தலையிடுவது என்றார்கள். அப்போது சின்னக்காள்தான் ஒரு யோசனை சொன்னாள். "ஊட்டுக்குள்ள போவ போலீஸ்காரனுக்குத்தான் காரணம் வேணும். பொம்பளைக்கு நெருப்பு வேணும், உப்பு வேணும், என்ன கேட்டுட்டு வேணா போலாம்."

அன்று முதல் செல்லமுத்து குரல் உயர்ந்தால் போதும், எதிர்வீட்டுக்காரிக்கு அடுப்பு அணைந்துவிடும். கொள்ளிக்கட்டை கேட்டு உள்ளே போவாள். அவள் வெளியே வருவதற்குள் சின்னக்காள் முறம் கேட்டுப் போவாள். கோடிவீட்டுக்காரி தன் கோழி உள்ளே வந்ததா என்று பார்க்கப் போவாள். அவளிடம் கோழியே கிடையாது. ஓங்கிய கையை ஊர்ப் பெண்கள் முன்னால் இறக்க அவருக்கும் கூச்சம். அடி வெகுவாகக் குறைந்தது. ஒரு நாள் நல்லம்மாள் என்னைத் தண்ணீர்க் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். "எங்கூட்டுல இருமக்கூட முடியலீங்க. இருமுனா மூணு பேரு முறம் கேட்டு வாராங்க."

தறி நின்ற நாள்

ஆனால் எல்லா நேரமும் காவல் இருக்க முடியுமா? ஆடிப் பண்டிகைக்குத் தெருவே கோயிலுக்குப் போயிருந்த பகல் ஒன்றில், நூல் சிக்காகிவிட்டது என்று செல்லமுத்து தறியில் நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையால் பாவாயியின் நெற்றியில் அடித்துவிட்டார். திரும்பி வந்த சின்னக்காள் எதையும் கேட்டுப் போகவில்லை. நேரே உள்ளே போனாள். இடுப்பில் வைக்கிற வயசு தாண்டிய பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே தெருப்பெண்கள். டாக்டர் தையல் போடும்போது நான் பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. "நூல்ல ரத்தம் பட்டிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலை செல்லமுத்து மனைவியோடு சங்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். தறி நிற்கிறது, பிள்ளையை அனுப்புங்கள் என்றார். வாசலில் பெண்கள் வழிவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரலை இறக்கி, உள்ளே பார்த்து, "பாவாயி, உங்கத்தைய பாரு, நீ இல்லாம அழுவுறா. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். நல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் புருஷன் பக்கத்தில் நின்று வாய் திறந்து பேசி நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. "நா அழுவலீங்க, கண்ணுல தூசி. புள்ளை இங்கியே இருக்கட்டும்."

மேச்சேரிக் கிடா

பாவாயி சங்கத்து வீட்டில் தங்கிவிட்டாள். தீபாவளிக்குப் பிள்ளைகள் கறிச்சோறு சாப்பிடட்டும் என்று ஒரு பண்ணையக்காரர் தன் மேச்சேரி உறவுக்காரரிடமிருந்து நல்ல கிடா ஒன்றை வாங்கி, ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவைத்தார். அந்த ஒரு வாரம்தான் தப்பாகப் போயிற்று. பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்தார்கள், குளிப்பாட்டினார்கள், பொட்டு வைத்தார்கள். தீபாவளியன்று காலையில் எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, யாரையும் கிட்டே விடவில்லை. கடைசியில் பருப்புச்சோறுதான்.

மத்தியானம் பண்ணையக்காரர் கறி எப்படி இருந்தது என்று கேட்க வந்தார். கறி, வாசலில் நின்று அவர் கொண்டுவந்த வாழைப்பழத்தை எட்டிப் பார்த்தது. அவர் கிடாவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இதையும் சங்கத்துல சேத்துட்டீங்களாக்கும்."

பாவாயி பெண் பார்த்தது

பிள்ளை கேட்டு வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது வேலையாள். சாணி அள்ளுவாளா, ஆடு மேய்ப்பானா என்றுதான் பேச்சே தொடங்கும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்த மாரப்பனும் அவர் மனைவியும் அப்படி எதுவும் கேட்கவில்லை. குழந்தை இல்லாதவர்கள். என்ன கேட்பது என்றே தெரியாமல் பொரியுருண்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவள் பாவாயிதான்.

"உங்கூட்டுல தறி இருக்குதுங்களா?"

"இல்ல சாமி. ஒரு எருமைதான் இருக்குது" என்றாள் அந்த அம்மாள்.

பாவாயி யோசித்தாள். பிறகு மாரப்பன் பக்கம் திரும்பினாள். "எருமைய அடிப்பீங்களா?"

மாரப்பன் அந்தக் கேள்வியைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, முழங்காலில் இருந்த பெரிய காயத்தைக் காட்டினார். "எங்கூட்டுல எருமைதான் சாமி என்னைய அடிக்குது."

புகார்

பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்பது சங்கத்து விதி. சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். பொங்கல் கழிந்து அயோத்தியாப்பட்டணம் போனேன். பாவாயியின் நெற்றித் தழும்பை முடி மறைத்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்து ஓடிவருவாள் என்று நினைத்தேன். பாண்டி ஆட்டத்தில் ஜெயிக்கப்போகிற நேரமாம். கையை மட்டும் ஆட்டினாள்.

மாரப்பனின் மனைவி என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய் ரகசியமாகப் புகார் சொன்னாள். எதிர்த்துப் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கடித்துவிட்டாள். தலைவாரக் கூப்பிட்டால் எருமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் நெய்யை உருக்கிப் பாவாயியின் சோற்றில் ஊற்றினாள். "நீங்களே ரெண்டு அதட்டு அதட்டீட்டுப் போங்கம்மா. எங்க ரெண்டு பேருக்கும் அதட்ட வரமாட்டீங்குது."

இப்படியே பல வருஷம் குடையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எனக்குக் கிடைத்த பெருமையெல்லாம், நான் தெருவுக்குள் நுழைந்தால், பிள்ளைகளைத் தங்கமாக வைத்திருக்கிற வீட்டார்கூட அவசர அவசரமாக அவர்களைப் பிடித்துவைத்து மூக்கைத் துடைத்துவிட்டார்கள் என்பதுதான்.