புட்டாவை இறக்கிய ஃபோர்க்லிஃப்ட்

'உங்க வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதக்கூடாதா?' என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே ஒரு வாசகி கேட்டுவிட்டார். எழுதிவிட்டால் போச்சு. விஷயம் வேண்டாமா? போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது!

எங்கள் மாடியில் குடியிருக்கும் ரூபா, பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பெண். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மைசூருக்கு ஓடியபோது, தன் செல்லத்தை எங்களிடம் விட்டுப் போனாள். நாயா, பூனையா? இல்லை... பியர்டட் டிராகன்! ஒரு முழ நீளம், கழுத்தில் முள்முள்ளாகத் தாடி, பார்த்தால் வெளிநாட்டு ஓணான். பெயர் புட்டா — கன்னடத்தில் குட்டிப் பையன்.

"மேல இருந்து கை கொண்டு போகாதீங்க ஆன்ட்டி, பருந்துன்னு பயந்துக்குவான். வாலைப் புடிச்சுத் தூக்கவே தூக்காதீங்க. போச்சுன்னா திரும்ப வராது" என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

என் வீட்டுக்காரரோ, சுவரில் பல்லி தெரிந்தால் சாப்பாட்டுத் தட்டோடு அடுத்த அறைக்குப் போகிற ஆள். ரூபா சொன்னதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டார்.

ஞாயிறு காலை, கீரை போடக் கண்ணாடித் தொட்டியைத் திறந்தேன். அதே நேரம் குக்கர் விசில்! புட்டா துள்ளி வெளியே பாய்ந்து, ஜன்னல் கர்ட்டனைப் பிடித்து உச்சிக்கே ஏறிவிட்டது. கீழே மொசைக் தரை. விழுந்தால்? ரூபாவுக்கு என்ன பதில் சொல்வேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த என் தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான்.

"இதுக்குப் போயி அழுவுறியேக்கா! வாலைப் புடிச்சு ஒரே இழு. அறுந்தா என்ன? பல்லிக்கு முளைக்கலையா? இதுக்கும் முளைச்சிக்கும்."

ரூபா சொல்லியிருக்காவிட்டால் நானும் அப்படித்தானே நினைத்திருப்பேன்?

"டேய் மச்சான், கையை எடு! எறங்குடா!"

கதவுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர். தொழிற்சாலையில் பாரம் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். தம்பியை இறக்கிவிட்டுத் தானே ஏறினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"லோடை மேல புடிச்சு இழுக்கக் கூடாதுடா. அடியில குடுத்து, முழுசா தாங்கினப்புறம்தான் தூக்கணும்."

பக்கவாட்டில் மெதுவாகக் கையைக் கொண்டுபோய், ஒரு உள்ளங்கையைப் புட்டாவின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்தார். இன்னொன்று பின்னங்கால்களுக்கு. இழுக்கவில்லை... காத்திருந்தார். புட்டா தானாகவே நகங்களை விடுவித்துக்கொண்டு அவர் கைக்கு வந்தது. அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, நாற்காலியில் சாய்ந்தார். வாலில் ஒரு கீறல் இல்லை!

"மாமா..." என்றான் தம்பி. ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தான்.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. பயமில்லாதவர் தூக்கினால் அதில் என்ன இருக்கிறது? பல்லிக்கே நடுங்குகிற மனுஷன் தூக்கினாரே! எதிர்வீடு, பக்கத்து வீடு, தேன்கனிக்கோட்டையில் இருக்கும் நாத்தனார் வரை ஒருவரையும் விடவில்லை, சொல்லித் தீர்த்துவிட்டேன்.

அதற்குள் ரூபாவே போன் செய்தாள். "அப்பாவுக்கு இப்ப பரவாயில்ல ஆன்ட்டி. புட்டா என்ன பண்றான்?"

எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் அதே நாற்காலியில், அசையாமல் சாய்ந்திருக்கிறார். நெஞ்சின் மேல் புட்டா. இருவருக்கும் கண் மூடியிருக்கிறது.

தூங்குவது புட்டா மட்டும்தான்!