கவாத்து பண்ணாத கொடி

திராட்சை வளர்ப்புக்குத் தமிழில் ஒற்றைச் சொல் வேண்டும் என்று ஒத்தக்கடையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் கேட்டார்கள். ஏதோ பாடப்புத்தக மொழிபெயர்ப்பு. அகராதிகளைப் புரட்டினேன். திராட்சை வடமொழி வழி வந்தது. தமிழில் கொடிமுந்திரி இருக்கிறது. அதைச் சொல்லி எந்தப் பழக்கடையிலும் கால் கிலோ வாங்க முடியாது. எரிச்சலோடு, உசிலம்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் போட்டிருந்த அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நாங்க கவாத்துனுதான்டா சொல்லுவோம்" என்றார்.

கவாத்து என்றால் கொடியை வெட்டிவிடுவதுதானே என்றேன். வெட்டினால்தான் புதுத்தளிர் வரும், அதில்தான் காய் பிடிக்கும், மற்றதெல்லாம் எடுபிடி வேலை என்று சிரித்தார். சிப்பாய்களின் பயிற்சிக்கும் அதே சொல்தான். அது உருதுவிலிருந்து வந்ததாம். தோட்டத்துக்குள் எப்படி வந்ததென்று தெரியவில்லை.

அடுத்த கவாத்துக்கு முன்பே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் மதினி கத்திரியை எடுத்தார். அம்மா விடவில்லை. அவன் கைபட்ட கொடி, அதில் இரும்பு படக்கூடாது என்றார். பெற்ற வயிறு, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கொடியும் தழைத்தது. ரோட்டில் போகிறவர்கள் பச்சையைப் பார்த்துவிட்டு, மகராசன் போயும் தோட்டம் வாடவில்லை என்றார்கள். நான் ஊருக்குப் போயிருந்த அன்று வந்த பழ வியாபாரி மட்டும் பந்தலுக்குள் குனிந்து பார்த்தார். அத்தனையும் இலை. காலி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளையை வைத்துக்கொண்டு மதினிக்கு அந்தப் பந்தலை விட்டால் வேறு கதி இல்லை.

மறுநாள் காலையில் மதினி யாரையும் கேட்காமல் வெட்ட ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அம்மா ஓடினார். கத்திரியைப் பிடுங்கப் போகிறார் என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன். பிடுங்கவில்லை. கீழே கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"இனி வாரதெல்லாம் அவன் தொடாததுதான, ஏத்தா?"

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

அந்தத் தடவை பழம் நன்றாகவே வந்தது. அம்மா ஒன்றுகூட வாயில் போடவில்லை.