பரண் மேல் கிடைத்த வேட்டை உரிமம்

அறுபதுகளில் எங்கள் ஆரியசாலைக் கடைத்தெரு வியாபாரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வேட்டைதான். ஆறு நாள் மிளகாய் நெடியில் தும்மிக் களைத்தவர்கள் ஒரு பழைய ஜீப்பில் ஏறி கல்லாற்றுக்கு மேலே போவோம். அங்கே மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டிருக்கும். உரிமம் வாங்கியவர்கள் சுடலாம் என்று சட்டம் இருந்த காலம் அது.

போவோம் என்றேன் அல்லவா, நான் போனது ஜீப் வரைக்கும்தான். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் கால்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டது. தோட்டத்து ஓரத்தில் ஜீப் நிற்கும். நண்பர்கள் துப்பாக்கிகளோடு உள்ளே போவார்கள். போகுமுன் அவர்களில் ஒருவரான வெல்லமண்டிக்காரர் கட்டுச்சோற்று அடுக்கை என் மடியில் வைப்பார்.

"காக்கா வராம பாத்துக்கிடும், ஓய்!"

வாரம் தவறாமல் அதே வார்த்தை, அதே சிரிப்பு. நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். என் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி முறைப்படி என் பெயருக்கு மாறியிருந்தது. எங்கள் சரக்குக் கிட்டங்கியின் பின்கட்டில் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து, என் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சிதறடித்துக் காட்டியிருக்கிறேன். வெல்லமண்டிக்காரர் அதற்கும் ஒன்று சொன்னார். "சிரட்ட ஓடாதுல்லா, ஓய்."

அன்றைக்கு முடிவு செய்தேன். என் பெயரில் வேட்டை உரிமம் வாங்கியே தீருவது.

வனத்துறை அதிகாரி மலையாளி, பருத்த மனிதர், நல்ல மனிதரும்கூட. கோபப்படவும் முடியாதபடி அவ்வளவு மரியாதையாகப் பேசினார். சன்னல் வழியே வாசலில் நின்ற என் வண்டியை எட்டிப் பார்த்தார்.

"வண்டியில இருந்து வெடி வைக்கான் பாடில்ல. நியமமாணு." வண்டியிலிருந்து சுடக் கூடாதாம், சட்டம்.

"அது வண்டி இல்ல சார், என் காலு."

"காலினு வீல் உண்டோ?" என்றார்.

அவர் சொன்ன விதியில் தப்பில்லை. ஜீப்பில் விரட்டி விரட்டி மிருகங்களைச் சுடுகிறவர்களுக்காகப் போட்டது அது. என் வண்டியை முந்த ஒரு ஆமை போதும் என்று அவருக்கு விளக்கினேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், ஆனால் விதியை விடவில்லை. கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். வண்டி இல்லாமல் எப்படிச் சுடுவேன் என்று தோட்டத்தில் நேரில் காட்ட வேண்டும், அவர் வந்து பார்ப்பார்.

வண்டி கூடாது என்றால் பரண். பரணில் எப்படி ஏறுவது? அதற்கு எங்கள் கிட்டங்கியிலேயே வழி இருந்தது. மல்லி மூட்டைகளைக் கப்பியும் வடமும் போட்டுத்தான் மச்சுக்கு ஏற்றுவோம். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்குத் தலைவரான மூப்பரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தற்பெருமையில் யாருக்கும் சளைத்தவர் அல்ல.

"மொதலாளி ஒரு மல்லி மூட்டை கனம்கூட வரமாட்டீங்க. நம்ம கை பட்டா, பூ மாதிரி மேல போய் இருப்பீங்க, கேட்டேளா?"

குறிப்பிட்ட நாளில் பிற்பகல் அதிகாரி, சுமட்டுக்காரர்கள், நான் எல்லோரும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓரத்தில் இருந்த ஆஞ்சிலி மரத்தில், தாழ்ந்த கவட்டில், பாக்குமரச் சட்டங்களால் பரண் கட்டியிருந்தார்கள். என்னைச் சாக்குத் தொட்டிலில் உட்காரவைத்து "ஐலசா" போட்டு இழுத்தார்கள். பூ மாதிரி என்று சொல்ல முடியாது, இரண்டு தடவை மரத்தில் இடித்தேன். ஆனாலும் மேலே போய்ப் பரணில் நகர்ந்து உட்கார்ந்து, துப்பாக்கியையும் கயிற்றில் ஏற்றி வாங்கிக்கொண்டபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜீப்பின் இருக்கையிலிருந்து தெரியாத தோட்டம் முழுக்க அங்கிருந்து தெரிந்தது.

கீழே பார்த்தால் அதிகாரி மட்டும் நிற்கிறார். சுமட்டுக்காரர்களைக் காணோம்!

கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை மேலே போனதும் வடத்தைக் கட்டிவிட்டு எல்லோரும் நேரே சாயாக்கடைக்குப் போவார்கள். மூட்டை எங்கே ஓடிவிடப் போகிறது? மூட்டை போய் முதலாளி வந்தாலும் பழக்கம் போகுமா? ஆற்றங்கரைச் சாயாக்கடையைப் பார்த்து நடையைக் கட்டியிருந்தார்கள்.

அப்போதுதான் மரச்சீனிச் செடிகள் ஆடின. ஒரு தடியன் பன்றி, கொம்பு போலப் பல்லை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். அது அதிகாரியைப் பார்த்தது.

அந்த உடம்பு அத்தனை வேகமாக மரமேறும் என்று நான் நினைக்கவில்லை. பாதி தூரத்தில் பிடி கிடைக்காமல் தொங்கினார். நான் பரணில் குப்புறப் படுத்து அவர் இரண்டு கைகளையும் பிடித்தேன். வருஷக்கணக்காகக் கையால் சுற்றி வண்டி ஓட்டியவன் நான். கால்களுக்குப் போக வேண்டிய பலமெல்லாம் தோளுக்குத்தான் வந்திருந்தது. ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து போட்டேன்.

பன்றி மரத்தடியில் நின்று மண்ணைக் கிளறியது.

"வெடி வைக்கடோ!" என்று அலறினார்.

"லைசன்ஸ் இல்லையே, சார்."

"தந்நு! ஞான் தந்நு!" கொடுத்தேன், கொடுத்தேன் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மரத்துமேல இருந்து சுட்டா விதி சம்மதிக்குமா, சார்?"

"ஈ மரத்தினு வீல் இல்லல்லோ! வைக்கடோ!"

சுட்டேன். அவர் உலுக்கிய உலுக்கில் குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பன்றி காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மூப்பர், ஒரு கையில் எனக்காக வாங்கிய சாயாவோடு மேலே பார்த்தார்.

"ஒரு மூட்டைதானே ஏத்துனோம்?"

அதிகாரிக்குக் கீழே இறங்கத் தைரியம் வரவில்லை. சாக்குத் தொட்டிலில் அவரை உட்காரவைத்து, "ஐலசா" போட்டு மெதுவாக இறக்கினார்கள். அவரும் இரண்டு தடவை மரத்தில் இடித்துக்கொண்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்? தரையில் கால் பட்டதும் சட்டையைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நாளே ஓபீசில் வரணும். லைசன்ஸ் ரெடியாக்காம்."

சொன்னபடியே மறுநாள் உரிமத்தை என் கையில் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கல்லாற்றுக்கு மேலே ஜீப் நின்றது. பின்னாலேயே மூப்பரும் ஆட்களும் வடத்தோடு வந்திருந்தார்கள். வெல்லமண்டிக்காரர் ஏதோ பேசிக்கொண்டே பழக்க தோஷத்தில் சோற்று அடுக்கை என் மடியில் வைத்தார். அந்த வாரம் அவர்தான் காலில் சுளுக்கோடு நொண்டி நொண்டி வந்து ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்.

நான் அடுக்கை எடுத்து அவர் மடியில் வைத்தேன். துப்பாக்கியை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"காக்கா வராம பாத்துக்கிடும், ஓய்!"