கட்டிலிலிருந்து வாசல்வரை ஒன்பது கோடுகள்

முதலில் நடுங்கியது என் இடது கட்டைவிரல். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்தேன். பொத்தான் தானாக அமுங்கிவிட்டது.

ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து அரைக்கால்சட்டையோடு மைதானத்தில் இறங்கிய முதல் பெண் நான். தடை ஓட்டம், ஹாக்கி, குண்டு எறிதல் மூன்றிலும் மாநிலத்துக்காக ஆடினேன். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. எந்த வலிக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இன்னும் நாலு ரவுண்டு. இதுவும் பழைய ஹாக்கி அடி என்று நானே முடிவுகட்டி, கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இரண்டு வருடம் ஓடினேன். நீங்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள்.

பெங்களூர் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். கைவீசித்தான் நடந்தேன் என்று நினைத்தேன்.

"இடது கை அசையவே இல்லையேம்மா" என்றார். பார்க்கின்சன் (உடல் அசைவுக்கு வேண்டிய ரசாயனம் மூளையில் குறைந்துபோகும் நோய்) என்று சீட்டில் எழுதினார். "முழுசா குணமாகாது. மாத்திரையில சமாளிக்கலாம். நடக்கறத மட்டும் விட்டுடாதீங்க."

திரும்பும் ரயிலில் அழுதேன். சாவுக்குப் பயமில்லை. என்னை ஒருவர் தூக்கி உட்காரவைக்கும் நாளை நினைத்துத்தான் பயம்.

பிறகு கால் உறையத் தொடங்கியது (நடக்க நினைத்தாலும் பாதம் தரையை விட்டு எழாது). கட்டிலைவிட்டு இறங்கி நின்றால் நின்றதுதான். சுரங்கம் மூடப்பட்டு வீட்டிலிருந்த என் கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவார். அந்தக் கையைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒருநாள் மைதானத்துக்கு அழைத்துப்போனார். ஓடுபாதையின் ஓரத்தில் கால் உறைந்து நின்றேன். எதிரே புதிதாகப் போட்ட சுண்ணாம்புக் கோடு. அதைப் பார்த்ததும் கால் எழுந்து தாண்டியது. அடுத்த கோட்டையும் தாண்டியது. சிலருக்கு அப்படி நடப்பதுண்டு என்று டாக்டரும் சொன்னார்.

மறுநாள் காலை கணவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது, லாங் ஜம்ப்பா? கிட்ட கிட்ட போடுங்க" என்றேன். துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

நான் ஓடிய ஒரு போட்டியையும் அவர் பார்த்ததில்லை. அந்த நேரமெல்லாம் ஷிப்டில், பூமிக்கு அடியில் இருப்பார். மேலே வந்ததும், "இன்னாம்மா, ஜெயிச்சியா?" என்பார்.

அன்று நொடியில் ஒரு துளி பிந்தினாலும் தூக்கம் வராது. இன்று ஒன்பது கோடுகளைத் தாண்டுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஸ்டாப்வாட்சைத் தொடுவதில்லை. கடைசிக் கோட்டுக்கு அப்பால் அவர் நிற்கிறார், என்னைப் பிடித்துவிடாமலிருக்கக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

முதல்முறை முழுவதும் தனியாகத் தாண்டிய அன்று கேட்டார்: "ஜெயிச்சியா?"

"நீங்கதான் பாத்துனு நின்னீங்களே" என்றேன்.