நான்கு கிளாம்ப், ஒரு வெட்டுமேசை

மரவேலையில் மரம் கிடைக்கும், பசை கிடைக்கும். ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள்தான் கிடைக்காது. வீட்டோரம் தகரம் இறக்கிப் பட்டறை என்று பேர் வைத்திருக்கும் சகபாவிகளுக்கு இது தெரியும்.

எனக்குத் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட். கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டும் வேலை. பகலில் படுத்தாலும் தூக்கம் வராது. கிடந்து புரள்வதற்குப் பதிலாகப் போனைப் பார்த்துத் தச்சு கற்றேன். என் மனைவி ஸ்டெல்லா தையல்காரி. தரையில் குனிந்து துணி வெட்டியே முட்டி போய்விட்டது. இனித் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, "நின்னு வெட்ட மேசை வராட்டா மெஷினை மூடிருதேன்" என்றாள்.

கடையில்

மூன்றடி அகலத்துக்கு நாலு வேப்பம் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும். ஹார்டுவேர் கடையில், பசை காயும்வரை பலகையை இறுக்கிப் பிடிக்க, கைக்கு அடக்கமான சி-கிளாம்ப் ஒரு டஜன் பொறுக்கினேன். மேசை எவ்வளவு அகலம் என்று கடை அண்ணாச்சி கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். டஜனையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, நாலடி நீள பார் கிளாம்ப் எடுத்து வந்தார். ஒவ்வொன்றின் திருகையும் ஓட்டிப் பார்த்து, கோணலாக இறங்கிய ஒன்றை ஒதுக்கி, நல்லதாக நாலு தந்தார்.

"நண்டு ஒரு டஜன் கூடினாலும் சுறாவைக் கவ்வுமா வே?"

என் கைவரிசை

பசை தடவி, நாலு கிளாம்ப்பையும் மேலே மாட்டி, கப்பலில் முறுக்குகிற மாதிரியே முறுக்கினேன். பசை தரையெல்லாம் வழிந்தது. பெருமையாக இருந்தது. மறுநாள் கழற்றினால் பலகை வள்ளம் போல வளைந்திருந்தது. ஸ்டெல்லா அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். நடு ஒட்டு வாய் பிளந்தது. அவள் கோபப்படாததுதான் வலித்தது.

"கப்பல் புயல்ல ஆடும், இறுக்குதிய. இது எங்க போவப் போவுது?"

ஓடாவி

கடற்கரையில் தோணி பழுதுபார்க்கும் ஓடாவி ஒருவரைக் கூட்டி வந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒட்டுகளைப் பிரித்து, விளிம்புகளை மறுபடி இழைத்து, புதிதாகப் பசை தடவினார். இரண்டு கிளாம்ப்பைக் கீழேயும் இரண்டை மேலேயும் மாற்றி மாற்றி வைத்தார். அப்படி வைத்தால் பலகை எந்தப் பக்கமும் வளையாது. அப்புறம் இரண்டே விரலால் திருகினார். ஒட்டு நெடுகப் பசை வேர்வைத் துளி மாதிரி அரும்பியதும் கையை எடுத்துவிட்டார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பசைக்கும் உள்ள கொஞ்சம் இடம் வேணும்லா அண்ணாச்சி, நீங்க அதையும் வெளிய தள்ளிட்டிய."

முதல் வெட்டு

மேசைக்குக் கால் பூட்டினேன். ஸ்டெல்லா கோயில் பாடகர் குழுவின் அங்கித் துணியை விரித்து, நின்றபடியே கத்தரியை ஓட்டினாள். ஒட்டு விடுமோ என்று நான் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒரு அங்கி முடிந்து இரண்டாவதும் பாதி வந்தது. அவள் நிமிரவேயில்லை.

"மேசை நல்லாத்தான் நிக்கி, கையை எடுங்க, துணி சுருங்குது."

ஆக, சம்பளம் தருகிற பிடி வேறு, மேசை கேட்கிற பிடி வேறு என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு கிளாம்ப்பும் ஒரு முட்டியும் தேவைப்பட்டன, அதிலும் முட்டி என்னுடையதல்ல.